கோட்டுக்குள் வெயில்

திருவள்ளூருக்கு வீரராகவப் பெருமாளைச் சேவிக்க வருகிறவர்கள் காக்களூர்ப் பக்கம் திரும்புவது அபூர்வம். அங்கே ஓர் ஏரி இருக்கிறது. அதையடுத்துத் தொழிற்பேட்டை இருக்கிறது. அக்கினி நட்சத்திர நாட்களில் வானொலி வாசிக்கும் வெயில் கணக்கில் 40 டிகிரியைத் தாண்டிய ஊர்களின் வரிசையில் திருத்தணியின் பெயர் தவறாமல் வரும். அதே ஜில்லாதான் இதுவும். தகரக் கூரை போட்ட பட்டறைக்குள் என்ன புழுக்கம் இருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்த மாதிரித் தொழிற்பேட்டைகளில் காலை ஷிப்டுக்குப் போகிறவர்களைப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். ஆண்கள் அரைக்கைச் சட்டையும் பாண்ட்டுமாகப் போவார்கள். பெண்களில் பலர் சேலை கட்டி, அல்லது சுடிதாரும் துப்பட்டாவும் போட்டு, அதற்கும் மேலே சட்டை மாதிரி ஓர் ஓவர்கோட்டையும் மாட்டியிருப்பார்கள். வெயில் இருவருக்கும் ஒன்றுதான். துணி மட்டும் ஏன் ஒன்றாக இல்லை?

குளிருக்குப் பிறந்த உடையை வெயிலுக்குள் கொண்டுவந்து இறக்கியவன் வெள்ளைக்காரன் என்று சொல்லி, பழியை அவன் தலையில் போட்டுவிட்டு எழுந்து போய்விடலாம். அதில் பாதி உண்மையும் உண்டு. ஆனால் அவன் கப்பலேறி எழுபத்தைந்து வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டன. கோட்டு கப்பலேறவில்லை.

வேலைக்கு வருகிறவன் இன்னது உடுக்க வேண்டும் என்று மேலே இருப்பவர்கள் உத்தரவு போட்டு, அதனால் ரத்தம் சிந்திய கதை நம் பக்கத்திலேயே நடந்தது. திருவள்ளூரில் ரயிலேறினால் அரக்கோணம், காட்பாடி தாண்டி இறங்க வேண்டிய வேலூர்தான் அந்த இடம். 1805-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் சென்னைப் படையின் தளபதி சர் ஜான் கிராடக் ஓர் உடை விதி கொண்டுவந்தார். சிப்பாய்கள் நெற்றியில் குறி இட்டுக்கொள்ளக் கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை மழித்துவிட வேண்டும், மீசையைக் கூட ஓர் அளவுக்குக் கத்தரிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, தொப்பி போன்ற ஒரு புதுத் தலைப்பாகை. அதில் தோலால் செய்த ஒரு குஞ்சம். பசுத்தோலோ பன்றித்தோலோ என்ற சந்தேகமே இந்துவையும் முஸ்லிமையும் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டது. 1806 மே மாதத்தில் மறுத்தவர்களில் இருவருக்குக் கசையடி கொடுத்துப் பட்டாளத்தை விட்டுத் துரத்தினார்கள். ஜூலை 10-ஆம் தேதி விடிவதற்கு முன் வேலூர்க் கோட்டையில் துப்பாக்கிகள் வெடித்தன. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப் படையோடு வந்து கோட்டையை மீட்டான். அதன் பின் நடந்த பழிவாங்கல் கொடூரமானது.

அது வெயில் பற்றிய சண்டை அல்ல. மானம் பற்றிய சண்டை. திப்புவின் மக்கள் அதே கோட்டையில் சிறையிருந்ததும் ஒரு காரணம். ஆனாலும் முடிவைக் கவனியுங்கள். தலைப்பாகை உத்தரவு ரத்தாயிற்று. 1807-இல் கவர்னர் வில்லியம் பெண்டிங்கும் தளபதி கிராடக்கும் சீமைக்குத் திருப்பி அழைக்கப்பட்டார்கள். அந்தத் தலைப்பாகையைத் தாம் ஒரு நாளும் அணிய வேண்டியிராத இரண்டு பெரிய மனிதர்கள், அதனால் வேலை இழந்தார்கள்.

சிப்பாய் எதிர்த்தான். குமாஸ்தா எதிர்க்கவில்லை. கீழே பஞ்சகச்சம், மேலே அல்பாகாக் கோட்டு, தலையில் தலைப்பாகை என்று நம் தாத்தாக்கள் ஒரு சமரசம் செய்துகொண்டார்கள். இடுப்புக்கு மேலே சர்க்கார், இடுப்புக்குக் கீழே சொந்தம். வீடு திரும்பியதும் சர்க்கார் பாதியைக் கொடியில் போட்டுவிட்டுத் திண்ணையில் விசிறியோடு உட்கார்ந்துவிடலாம். உத்தியோகம் உயர உயரத் துணியும் கூடிற்று. ஆகவே துணி கூடினால் உத்தியோகம் உயர்ந்துவிட்டது என்று ஜனங்கள் நினைக்க ஆரம்பித்தார்கள். ரயிலில் டிக்கெட் பரிசோதகரின் கறுப்புக் கோட்டு நெடுங்காலம் பிழைத்திருந்ததற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

வக்கீலின் கதை இன்னும் சுவையானது. 1961-ஆம் வருஷத்து வழக்கறிஞர் சட்டத்தின் கீழ் பார் கவுன்சில் செய்த விதிகளில் கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கழுத்துப் பட்டையும் உண்டு. கோடைக்காலத்தில் மட்டும் கோட்டு கட்டாயமில்லை. ஆனால் அந்தச் சலுகை உயர்நீதிமன்றத்துக்கும் உச்சநீதிமன்றத்துக்கும் கிடையாது. பெண்கள் வக்கீல் தொழில் செய்யலாம் என்று சட்டம் 1923-இல்தான் வழிவிட்டது. அவர்களுக்கென்று யாராவது புது உடை யோசித்தார்களா? ஆணின் கோட்டை எடுத்துச் சேலைக்கு மேல் மாட்டினார்கள், வேலை முடிந்தது. ஆண் வக்கீலின் கோட்டுக்குள் ஒரு சட்டை இருக்கிறது. பெண் வக்கீலின் கோட்டுக்குள் ஆறு கஜம் இருக்கிறது. விதி இருவருக்கும் சமம்தான்!

2020 மே மாதத்தில் கொள்ளைநோய்க்குப் பயந்து உச்சநீதிமன்றம் காணொளி வழியே வழக்குக் கேட்டபோது, கோட்டும் கவுனும் வேண்டாம், வெள்ளைச் சட்டையோ வெள்ளைச் சேலையோ வெள்ளை சல்வாரோ போதும், கழுத்துப் பட்டை இருந்தால் சரி என்று அறிவித்தது. கோட்டு இல்லாமலே வாதம் நடந்தது, தீர்ப்பும் வந்தது. நோய் தணிந்ததும் கோட்டு திரும்பி வந்தது. 2022-இல் கோடை விலக்குக் கேட்டு ஒருவர் போட்ட மனுவை உச்சநீதிமன்றம் ஏற்காமல், பார் கவுன்சிலிடம் போய்க் கேளுங்கள் என்று அனுப்பிவிட்டது.

தொழிற்சாலைக்கு வருவோம். இங்கே உடை வெறும் கௌரவ விஷயம் அல்ல, உயிர் விஷயம். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில் இதற்கு ஒரு பிரிவே இருந்தது. இயந்திரம் ஓடும்போதே அதைச் சோதிக்கவும் எண்ணெய் போடவும் நேர்ந்தால், பயிற்சி பெற்ற வயது வந்த ஆண் ஒருவன்தான், அதுவும் இறுக்கமான உடை அணிந்து, செய்ய வேண்டும். அந்த உடையைத் தொழிற்சாலையே கொடுக்க வேண்டும். பெண் அந்த வேலைக்குப் போகக் கூடாது. சேலைத் தலைப்பு பெல்ட்டில் சிக்கினால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சட்டம் யோசித்த விதத்தைப் பாருங்கள்: ஆணுக்கு உடையைக் கொடுத்தது, பெண்ணிடமிருந்து வேலையை எடுத்துவிட்டது.

ஆகையால் பட்டறைப் பெண்களின் ஓவர்கோட்டுக்கு ஒரு நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தலைப்பையும் துப்பட்டாவையும் அது அடக்கி வைக்கிறது. சேலைக்கு மேல் இன்னொரு துணி போடுவதற்குப் பதில், சேலைக்குப் பதிலாகவே ஒரு மெல்லிய பருத்திச் சட்டையும் கால்சட்டையும் கொடுக்கலாமே என்று கேட்டால், ‘பெண்கள் சம்மதிக்க மாட்டார்கள்’ என்பார்கள். பெண்களைக் கேட்டார்களா என்பது வேறு கேள்வி. அதுவும் போகட்டும். தமிழ்நாட்டுத் தனியார் பள்ளிகள் பலவற்றில் ஆசிரியைகளும் சேலைக்கு மேல் ஓவர்கோட்டு மாட்டிக்கொண்டுதான் பாடம் நடத்துகிறார்கள். பக்கத்து வகுப்பில் ஆண் ஆசிரியர் சட்டையோடு நிற்கிறார். பள்ளிக்கூடத்தில் எந்தச் சக்கரம் ஓடுகிறது? அந்தக் கோட்டு அவளைக் காப்பாற்றுவது இயந்திரத்திலிருந்து அல்ல, கண்களிலிருந்து. பார்க்கிறவனைத் திருத்துவதற்குப் பதில் பார்க்கப்படுகிறவளுக்கு இன்னொரு துணி.

வெளிநாடுகளிலும் இந்தக் கூத்து உண்டு. 2005-ஆம் வருஷக் கோடையில் ஜப்பானிய அரசாங்கம், சுற்றுச்சூழல் மந்திரி கொய்கே யூரிக்கோ என்ற அம்மையாரின் முயற்சியால், ஆபீசில் கோட்டும் டையும் வேண்டாம், குளிர்சாதனத்தை 28 டிகிரியில் வையுங்கள் என்றது. பிரதம மந்திரியே டை இல்லாமல் வந்து காட்டினார். ஆண்களின் கழுத்துக்கு விடுதலை! பதினாலு வருஷம் கழித்து, 2019-இல், அதே தேசத்தில் இஷிகாவா யூமி என்ற பெண், வேலையிடத்தில் குதிகால் உயர்ந்த செருப்பைக் கட்டாயப்படுத்தாதீர்கள் என்று மனுக் கொடுக்க வேண்டியிருந்தது. வேலைக்கு அவசியமென்று சமூகம் ஏற்கிற அளவில் அது இருக்கலாம் என்று தொழில் மந்திரி பதில் சொன்னார். அவர் ஆண் என்று சொல்லவும் வேண்டுமா?

ஆண்கள் பக்கம் நியாயமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 2017 ஜூன் மாதத்தில் பிரான்சில் நாந்த் நகரத்துப் பஸ் டிரைவர்கள் வெயில் தாங்காமல் அரைக்கால்சட்டை கேட்டார்கள், கிடைக்கவில்லை. பெண் டிரைவர்கள் பாவாடை அணியலாம் என்று விதி இருந்ததால், ஆண்கள் மீசையும் தாடியுமாகப் பாவாடை கட்டிக்கொண்டு பஸ் ஓட்டினார்கள். நிர்வாகம் இறங்கி வந்தது. வேலூரில் துப்பாக்கி செய்த வேலையை அங்கே பாவாடை செய்தது.

நம் ஊரில் 2014-இல் ஒரு காரியம் நடந்தது. சேப்பாக்கம் கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் நடந்த புத்தக வெளியீட்டுக்கு வேஷ்டியோடு போன உயர்நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். தமிழகம் கொதித்தது. அடுத்த மாதமே சட்டசபையில் சட்டம் வந்தது: வேஷ்டிக்குத் தடை போட்டால் ஒரு வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். நல்ல சட்டம்தான். ஆனால் அது உள்ளே போக வருகிறவருடைய உடைக்கான சட்டம். கதவைத் திறந்துவிடுகிறவன் என்ன உடுத்திக்கொண்டு நிற்கிறான் என்பதைப் பற்றி அதில் பேச்சில்லை.

2019-இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு உடை உத்தரவு வந்தது. ஆண்களுக்குப் பாண்ட், சட்டை, அல்லது தமிழ்ப் பண்பாட்டைக் காட்டும் வேஷ்டி. பெண்களுக்குச் சேலை, அல்லது துப்பட்டாவோடு சல்வார் கமீஸ், சுடிதார். துப்பட்டா என்ற சொல்லை மறக்காமல் எழுதியிருந்தார்கள். கேரளத்தில் 2021-இல் கல்லூரி ஆசிரியைகள் சேலைதான் கட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று அரசு தெளிவாக்கியது. சேலையா சுடிதாரா என்பதைப் பற்றி இப்படி அங்கங்கே உத்தரவுகள் வந்திருக்கின்றன. ஓவர்கோட்டை எடுத்துவிடலாம் என்று ஓர் உத்தரவும் என் கண்ணில் படவில்லை. பாடவேளைக்குப் பாடவேளை அது ஆசிரியைகள் அறையில் நாற்காலி முதுகில் தொங்கி, முதுகுப் பக்கம் காய்ந்துகொண்டிருக்கிறது. மணி அடித்ததும் மறுபடி மாட்டிக்கொண்டு போகிறார்கள்.