மூன்று சென்டிமீட்டர் பட்டையின் நியாயம்: ஐகால் வடிவமைப்பு குறித்து ஒரு மறுவாசிப்பு

தேனி மாவட்டத்தில், பொட்டிப்புரம் அருகேயுள்ள மலைக்குள் அமைக்கத் திட்டமிடப்பட்ட ஐகால் நியூட்ரினோ காணியைச் சிக்கனத்துக்காகச் செய்துகொண்ட சமரசம் என்று கருதும் ஒரு போக்கு துறையில் நிலைத்திருக்கிறது. அந்தக் கருத்து முழுவதும் வடிவமைப்பு அட்டவணையின் ஒரே வரியை நம்பி நிற்கிறது: வாசிப்புப் பட்டையின் அகலம் 3 செ.மீ. செர்ன் ஆய்வகத்தின் சி.எம்.எஸ். சிலிக்கான் தடங்காணியிலோ பட்டை இடைவெளி 80 முதல் 205 மைக்ரோமீட்டர். எண்கள் சரியானவை. அவற்றிலிருந்து எடுக்கப்படும் முடிவு தவறானது என்பதே என் வாதம்.

3 செ.மீ. பட்டை தரும் இடப்பிழை ஏறத்தாழ 0.87 செ.மீ. ஐகாலின் ஒவ்வொரு இரும்புத் தட்டும் 5.6 செ.மீ. தடிமன், தட்டுகளுக்கிடையே 4 செ.மீ. இடைவெளி. 2 கிகா எலக்ட்ரான் வோல்ட் உந்தமுள்ள மியூவான் ஒரு தட்டைக் கடக்கையில் பன்முகச் சிதறலால் சுமார் 13 மில்லிரேடியன் விலகும். அடுத்த அடுக்கில் அது ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது. முந்தைய வாசிப்பு இவ்விடத்திலேயே நின்றுவிடுகிறது. ஆனால் விலகல் தட்டுக்குத் தட்டு குவியும். ஐந்தாறு தட்டுகளில் அது பட்டையின் பிழைக்குச் சமமாகிறது. பத்துத் தட்டுகளில் 2.2 செ.மீ. ஆகிறது. இரண்டும் சேர்ந்த பிழை 2.4 செ.மீ. பட்டைகளை அகற்றிவிட்டுப் பிழையே இல்லாத சிலிக்கானைப் பொருத்தினாலும் அது 2.2-க்குக் கீழே இறங்காது. ஆற்றல் இழப்பைச் சேர்க்காத தோராயக் கணக்குதான் இது. சேர்த்தால் சிதறல் இன்னும் கூடும்.

இதே தர்க்கத்தைச் சிலிக்கானிலும் காணலாம். சி.எம்.எஸ். முன்பொழிவுக் காணிக்காக பாபா அணு ஆராய்ச்சி மையமும் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸும் உருவாக்கிய உணரிகளில் பட்டை இடைவெளி 1.9 மி.மீ. தடங்காணியைவிட ஏறத்தாழ 9 முதல் 24 மடங்கு பரும்படி. அவை ஈயத் தகடுகளுக்குப் பின்னால் இருந்து பொழிவை அளப்பவை. ஆகவே ஒப்புமையை அளவோடுதான் கொள்ள வேண்டும். ஆயினும், முன்னால் நிற்கும் பொருள் எவ்வளவு கனமானது, எதை அளக்க வேண்டும் என்பவையே நுண்மையைத் தீர்மானிக்கின்றன என்பதற்கு அது சான்று.

ஐகாலுக்கு உண்மையில் இன்றியமையாதது காலத் துல்லியம். மேலிருந்து வரும் மியூவானையும் பூமியைத் துளைத்துக் கீழிருந்து வருவதையும் பிரித்தறியாவிட்டால் நியூட்ரினோ நிறைவரிசை பற்றிய கேள்வியே எழாது. பத்து அடுக்குகளைக் கடக்கச் சுமார் 3 நானோவினாடி ஆகும், தட்டுகளுக்கிடையே அமையும் ஆர்.பி.சி. (மின்தடைத் தட்டு) அறைகளின் காலத் துல்லியம் ஏறத்தாழ 1 நானோவினாடி. காலம் அளக்கும் புதிய சிலிக்கான் உணரிகள் இதைவிட நுட்பமானவை என்ற மறுப்பு இங்கே பொருந்தாது. சி.எம்.எஸ். தடங்காணியின் சிலிக்கான் பரப்பே ஏறத்தாழ 200 சதுர மீட்டர்தான். ஐகாலில் மூட வேண்டியதோ ஒரு லட்சம் சதுர மீட்டருக்கு மேல்.

செலவு கருதப்படவில்லை என்று நான் சொல்லவில்லை. ஐந்தாறு தட்டுகளுக்குள் முடியும் குறுந்தடங்களில் நுண்பட்டைக்குச் சிறு ஆதாயம் உண்டு என்பதையும் மறுக்கவில்லை. மதுரையில் இயங்கும் 85 டன் மினி-ஐகாலின் பத்து ஆர்.பி.சி. அடுக்குகள் அந்த எல்லையைச் சோதிக்கப் போதுமானவை. இத்திட்டம் அந்த மலையில் எழ வேண்டுமா என்பது வனமும் மக்களும் சார்ந்த வேறொரு வழக்கு; அதைப் பட்டை அகலத்தால் தீர்க்க முடியாது. ஆனால் கருவியின் தரத்தை எடைபோட முனைவோர் முதலில் இரும்பைக் கணக்கில் எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால், 3 செ.மீ. என்பது சமரசமாகத் தெரியாது. இரும்பு அனுமதிக்கும் நுண்மையை அறிந்து எடுத்த முடிவாகவே தெரியும்.