டேக்வாண்டோ போட்டிகளின் வரலாறும் சிலம்பமும்

டேக்வாண்டோ கொரியாவில் உருவான தற்காப்புக் கலை. 'டே' காலால் தாக்குவதையும், 'குவான்' கையால் தாக்குவதையும், 'டோ' நெறியையும் குறிக்கும். ஒரு நாட்டின் கலை உலகப் போட்டியாக வளர்ந்த வரலாறு இதில் தெளிவாகத் தெரிகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் டேக்வாண்டோவோ சிலம்பமோ பயிலும் மாணவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

தோற்றம்

கொரியா 1910 முதல் 1945 வரை ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் சியோலில் பல பயிற்சிக்கூடங்கள் தோன்றின. அவற்றுள் சிலவற்றை ஜப்பானில் கராத்தே கற்றுத் திரும்பியவர்கள் நடத்தினர். கூடத்துக்குக் கூடம் பெயரும் முறையும் வேறுபட்டன. 1955இல் 'டேக்வாண்டோ' என்ற பொதுப்பெயர் முன்வைக்கப்பட்டது. இதில் படைத்தளபதி சோய் ஹாங் ஹியின் பங்கு முக்கியமானது.

போட்டியாக வளர்ச்சி

முதல் உலகப் போட்டி 1973இல் சியோலில் நடந்தது. உலகக் கூட்டமைப்பும் அப்போதே அமைந்தது. புதுக்கோட்டை தனி மாவட்டமான 1974இல் முதல் ஆசியப் போட்டி நடந்தது. 1975இல் ஜிம்மி ஜக்தியானி இக்கலையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். 1988 சியோல், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்குகளில் காட்சி விளையாட்டாக இருந்து, 2000 சிட்னியில் பதக்க விளையாட்டானது. 2002 பூசான் ஆசிய விளையாட்டில் இந்தியாவின் சுரேந்திர பண்டாரி வெண்கலம் வென்றார்.

புள்ளி முறை

உடலில் குத்துக்கு 1, உதைக்கு 2, தலையில் உதைக்கு 3 புள்ளிகள். சுழன்று உதைத்தால் உடலுக்கு 4, தலைக்கு 5. 2008 பெய்ஜிங்கில் பிரிட்டனின் சாரா ஸ்டீவன்சன் தலையில் உதைத்தும் நடுவர்கள் புள்ளி தரவில்லை. முறையீட்டுக்குப் பின் முடிவு மாற்றப்பட்டது. 2012 லண்டனில் மின்னணு உடற்கவசமும் காணொளி மறுஆய்வும் வந்தன. நடுவரின் கண் தவறுவது குறைந்தது. ஆனால் பலத்த உதையைவிடக் கவசத்தைத் தொடும் உதையே பயன் தருகிறது என்ற குறையும் எழுந்தது. எதற்குப் புள்ளி உண்டோ அதையே மாணவர்கள் மிகுதியாகப் பயில்கின்றனர்.

சிலம்பத்துக்கு உரிய பாடம்

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. போட்டியை நடத்தும் மண்ணின் கலைக்கு இடம் கிடைத்த வகையில், 1988இல் டேக்வாண்டோ நின்ற இடத்தை இது நினைவூட்டுகிறது. அடுத்து வேண்டியவை இரண்டு.

முதலாவது, ஒரே விதிமுறை. தொடுமுறைப் போட்டியில் எந்தத் தொடுதலுக்கு எத்தனை புள்ளி என்பது எல்லா ஊரிலும் ஒன்றாக இருக்க வேண்டும். விதி வகுக்கும்போது காலடி வரிசைகளும் அலங்கார வீச்சும் மறைந்துவிடாமல் அவற்றுக்கும் தனிப் பிரிவு வேண்டும். டேக்வாண்டோவில் சண்டைக்குக் கியோருகி, அடவு வரிசைக்குப் பூம்சே என இரு பிரிவுகள் உள்ளன.

இரண்டாவது, சங்கங்களின் ஒற்றுமை. இந்திய டேக்வாண்டோவில் ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் உரிமை கோரி நீதிமன்றம் வரை சென்றன. சிலம்பத்துக்கும் பல சங்கங்கள் உள்ளன. இத்தகைய பூசலில் இழப்பு மாணவருக்கே. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியிலோ வேலையிலோ சேர, அங்கீகாரம் உள்ள போட்டியின் சான்றிதழ் தேவை. களத்தில் இறங்கும் முன் அதைக் கேட்டறிவதும் பயிற்சியின் ஒரு பகுதியே.