சாம்பல் மேடும் பச்சை விளக்கும்

ஸ்காட் பிட்ஸ்ஜெரால்டு என்னும் அமெரிக்க ஆசிரியர் இயற்றிய 'தி கிரேட் காட்ஸ்பி' என்ற நாவல் 1925ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் வெளியாயிற்று. அதிலுள்ள குறியீடுகளைப் பற்றித் திறனாய்வாளர் பலர் விரிவாக எழுதியிருக்கின்றனர். அவற்றுள் ஒன்று வெறுங்கற்பனையன்று, கண்கூடாக நின்ற பொருள் என்பதை வரலாற்று மாணவன் என்ற முறையில் எடுத்துக்கூற விரும்புகிறேன்.

வடக்கு டக்கோட்டாவில் ஏழை உழவர் குடியிற் பிறந்த காட்ஸ் என்னும் இளைஞன், காட்ஸ்பி எனப் பெயரை மாற்றிக்கொண்டு பெருஞ்செல்வனாகிறான். லாங் தீவில் அவன் நடத்தும் விருந்துகளுக்கு அளவில்லை. எல்லாம் டெய்சி என்னும் பழைய காதலியை மீட்பதற்காகவே. அவளோ வேறொரு செல்வனின் மனைவி. விரிகுடாவுக்கு அக்கரையில் வாழ்கிறாள். அவள் வீட்டுப் படகுத்துறையில் எரியும் பச்சை விளக்கை இவன் இரவில் நோக்கி நிற்கிறான். இவனுக்குச் செல்வம் வந்த வழி யாது? 1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுவதும் மதுவிலக்குச் சட்டம் இருந்தது. கள்ளத்தனமாக மது விற்றுக் கொழுத்தவர்களுள் காட்ஸ்பியும் ஒருவன்.

இவனது மாளிகைக்கும் நியூயார்க் நகருக்கும் இடையே சாம்பல் மண்டிய வெளி ஒன்று நாவலில் வருகிறது. குவீன்ஸ் வட்டாரத்தில் கொரோனா என்னுமிடத்துச் சதுப்பு நிலமே அது. (பெயரைக் கேட்டு மாணவர்கள் திகைக்க வேண்டா, அது நோய்க்கு முற்பட்ட ஊர்ப்பெயர்.) அக்காலத்தில் குளிர் போக்க வீடுதோறும் நிலக்கரி எரிந்தது. புரூக்ளின் பகுதியின் உலைகள் கழித்த சாம்பலைச் சரக்கு ரயில்கள் கொணர்ந்து அங்கே கொட்டின. அது நாளடைவில் குன்றுகளாக உயர்ந்தது. பிட்ஸ்ஜெரால்டு 1922 முதல் 1924 வரை லாங் தீவின் கிரேட் நெக் என்னும் ஊரில் குடியிருந்தவர். நகருக்குச் செல்லும் ரயிலும் சாலையும் அந்த மேடுகளின் ஓரமாகவே சென்றன.

பச்சை விளக்கினும் இச்சாம்பல் மேடே பொருட்செறிவு மிக்கது என்பது என் கருத்து. விளக்கு ஒருவன் கண்ட கனவு. சாம்பலோ பலருடைய சுகத்தின் கழிவு. அதன் நடுவில் வில்சன் என்னும் ஏழை மோட்டார்ப் பட்டறைக்காரன் வாழ்கிறான். டெய்சி ஓட்டிய காட்ஸ்பியின் கார் மோதி வில்சனின் மனைவி மாள்கிறாள். காட்ஸ்பியே குற்றவாளி என்று நம்பிய வில்சன் அவனைச் சுட்டுத் தானும் மடிகிறான். டெய்சியும் அவள் கணவனும் ஊரைவிட்டுப் போய்விடுகிறார்கள். ஏழையாய்ப் பிறந்த மூவர் இறந்தனர். செல்வத்திற் பிறந்தோர்க்கு ஒரு கீறலும் இல்லை!

உழைப்பவன் எக்குடியிற் பிறந்தாலும் உயரலாம் என்னும் நம்பிக்கையை 'அமெரிக்கக் கனவு' என்கிறோம். அத்தொடர் இந்நாவலில் எங்கும் இல்லை. ஜேம்ஸ் டிரஸ்லோ ஆடம்ஸ் என்னும் வரலாற்றாசிரியர் 1931இல் எழுதிய நூலால்தான் அது பரவிற்று. 1929இல் பங்குச் சந்தை சரிந்து, வேலையின்மை பெருகிய காலம் அது. கனவுக்குப் பெயர் வழங்குமுன்பே அதன் உட்குழிவை நாவலாசிரியர் கண்டுவிட்டார்.

அவருக்கு அதனால் பெரும் பயன் விளையவில்லை. 1940 டிசம்பரில், 44ஆம் வயதில் அவர் மறைந்தபோது நூல் ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர்களுக்கு இலவசமாக வழங்கப்பட்ட நூல்களுள் இடம்பெற்ற பின்னரே அது புத்துயிர் பெற்றது.

சாம்பல் மேடுகளோ அதற்குள் மறைந்துவிட்டன. அவற்றைச் சமன்செய்து, 1939இல் அங்கே உலகப் பொருட்காட்சியைத் திறந்தனர். 'நாளைய உலகம்' என்பது அதன் கருப்பொருள். அதற்கென எழுப்பிய கட்டடம் ஒன்றில் 1946 முதல் 1950 வரை ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை கூடிற்று. பாலஸ்தீனத்தைப் பிரிக்கும் தீர்மானம் 1947 நவம்பரில் நிறைவேறியது அங்கேதான். இன்று அக்கட்டடம் அருங்காட்சியகம். அதன் அருகேதான் 1978 முதல் அமெரிக்க ஓப்பன் டென்னிஸ் பந்தயம் நடைபெற்று வருகிறது.