காரிடார் லைட்டுக்கு யார் பில் கட்டுறது?

பதிவு போட்டு ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. செமஸ்டர் முடிஞ்சு மூச்சு விட்டதும் முதல் வேலையா ஒரு டியூப்லைட் கதை எழுத உக்காந்திருக்கேன். சிரிக்காதீங்க :-) இதுல முப்பது டாலர் இருக்கு, ஒரு கையெழுத்து இருக்கு, நூறு வருஷத்து ஒன்டாரியோ வரலாறும் இருக்கு.

நான் இருக்கிறது ரூஜ்ல. டொராண்டோவோட வடகிழக்கு மூலை. (இங்க உள்ள நம்ம ஆளுங்க ரொறன்ரோன்னு எழுதுவாங்க. நான் இன்னும் சென்னைக் கை.) ஒரு பக்கம் ரூஜ் ஆறு, 2015ல் தேசிய நகர்ப்புறப் பூங்காவா ஆன காடு, இன்னொரு பக்கம் வரிசையா தனி வீடுகள். அப்படி ஒரு வீட்டு பேஸ்மென்ட்ல நான். மேல வீட்டுக்கார அக்கா குடும்பம், ஊர் யாழ்ப்பாணம். அக்காவோட பெரியம்மா கொஞ்சம் மேற்கே, மோர்னிங்சைட் பக்கம் ஒரு 20 மாடிக் கட்டடத்துல பல வருஷமா வாடகைக்கு இருக்காங்க. ஞாயித்துக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு இங்க வந்துடுவாங்க. இப்ப எனக்கும் அவங்க பெரியம்மாதான்.

போன மாசம் ஒரு ஞாயிறு கைப்பையிலேருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாங்க.

"தம்பி, உதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லும். கையெழுத்து வைக்கட்டாம்."

கட்டட நிர்வாகம் எழுதினது. இதுவரை வாடகையோட ஹைட்ரோவும் சேர்ந்து இருந்தது. இனி ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மீட்டர். சம்மதிச்சா வாடகையில மாசம் முப்பது டாலர் குறைப்போம், மின்சாரக் கட்டணத்தை நீங்களே கட்டிக்கங்க. இவ்வளவுதான் விஷயம்.

(ஊர்ல இருந்து படிக்கிறவங்களுக்கு: இங்க கரண்ட் பில்லுக்குப் பேரே ஹைட்ரோ பில். வந்த புதுசுல நான் அதைத் தண்ணி பில்னு நெனச்சு "எனக்கு எதுக்கு, நான் கம்மியாத்தானே குளிக்கிறேன்"னு சொல்லி மானம் போச்சு.)

பெரியம்மா கேட்டாங்க: "நான் ஒரு ஆள். ஒரு பிரிட்ஜ், ஒரு ரைஸ் குக்கர், ஒரு டிவி. முப்பது டொலர் காணுமோ?"

எனக்குப் பதில் தெரியல. இஞ்சினியரிங் படிக்கிற பையன்னு பேர் வேற. யோசிச்சுப் பாத்தா, பதில் சொல்ல ஒரே ஒரு எண் போதும். அந்தக் கட்டடத்தோட மொத்த மின்சாரத்துல வீடுகளுக்குள்ள போறது எவ்வளவு, லிஃப்ட், காரிடார், கராஜ், பம்ப், லாண்ட்ரின்னு எல்லாருக்கும் பொதுவானது எவ்வளவு? பொதுப் பங்கைக் கூட்டிக் காட்டினா வீட்டுப் பங்கு குறையும். வீட்டுப் பங்கு குறைஞ்சா வாடகைக் குறைப்பும் குறையும். அப்புறம் பெரியம்மா மீட்டர் பில்லும் கட்டி, வாடகைக்குள்ள ஒளிஞ்சிருக்கிற காரிடார் லைட்டுக்கும் கூடுதலா கட்டிக்கிட்டு இருப்பாங்க, காலம் பூரா. அந்த எண் கடிதத்துல இல்ல.

ஏன் இல்லன்னு தேடப் போனதுதான் இந்தப் பதிவு.

*

கதை 1906ல் தொடங்குது. அந்த வருஷம் ஒன்டாரியோ அரசு ஒரு மின்சார ஆணையத்தை அமைச்சது. தலைவர் ஆடம் பெக். நயாகரா தண்ணியில எடுக்கிற மின்சாரத்தை லாபம் வைக்காம அடக்க விலைக்கே ஊர்களுக்குக் கொடுக்கணும்ங்கிறது கொள்கை. 1910ல் முதல் விநியோகம். ஹைட்ரோங்கிற பேர் அப்போ ஒட்டிக்கிட்டது. இன்னைக்கு ஒன்டாரியோ மின்சாரத்துல பாதி அளவுக்கு அணு உலையிலேருந்துதான் வருது. ரூஜ் ஆறு ஏரியில கலக்கிற இடத்துக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்துல இருக்கிற பிக்கரிங் நிலையம் 1971ல் ஓட ஆரம்பிச்சது. ஆனாலும் பில்லுக்குப் பேர் ஹைட்ரோவேதான்.

மின்சாரம் அவ்வளவு மலிவா இருந்த காலத்துலதான் டொராண்டோவோட கான்க்ரீட் அடுக்குமாடிகள் எழுந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 1980கள் வரைக்கும் ஆயிரத்துக்கும் மேல. ஸ்காபரோவுல பஸ்ஸுல போனா ரெண்டு பக்கமும் பாக்கிறது எல்லாம் அந்தத் தலைமுறைதான். நம்மாளுங்க அகதியா வந்து இறங்கினப்ப முதல்ல தலை சாய்ச்சதும் பல பேருக்கு அங்கதான்.

அந்தக் கட்டடங்கள்ல பெரும்பாலானதுக்கு ஒரே பெரிய மீட்டர். வீட்டுக்கு ஒரு மீட்டர்னா அதுக்கு ஒரு விலை, படிக்க ஒரு ஆள், பில் போட ஒரு ஆள். மலிவான சரக்குக்கு எதுக்கு அவ்வளவு கணக்குன்னு விட்டுட்டாங்க. உரிமையாளர் மொத்தமா கட்டி வாடகையில சேத்துக்கிட்டாரு. ஆக, பொதுப் பகுதி எவ்வளவு தின்னுதுங்கிற கணக்கை யாரும் மறைச்சு வைக்கல. அளக்கவே இல்ல.

1973 எண்ணெய் நெருக்கடி வந்தப்ப கட்டடங்கள் ஏற்கனவே நின்னுக்கிட்டு இருந்தது. சுவரைப் பத்தி, ஜன்னலைப் பத்தி எல்லாரும் பேசினாங்க. காரிடாரைப் பத்திப் பேச ஆள் இல்ல.

காரிடார்னா லைட் மட்டும்னு நெனைக்காதீங்க. இந்த உயர்ந்த கட்டடங்கள்ல மொட்டை மாடியில ஒரு யூனிட் இருக்கும். குளிர்காலத்துல வெளிக்காத்தை இழுத்து, எரிவாயுல சூடாக்கி, ஒவ்வொரு தளத்துக் காரிடாருக்கும் தள்ளும். அந்தக் காத்து கதவுக்கு அடியில இருக்கிற சந்து வழியா வீட்டுக்குள்ள போகணும். அப்பத்தான் நம்ம வீட்டு மீன் குழம்பு வாசம் காரிடாருக்கு வராது. ஆனா நம்மாளுங்க என்ன பண்றோம்? பக்கத்து வீட்டு சிகரெட் வாசம் வருதுன்னு கதவடியில துணி சுருட்டி வச்சிடறோம். காத்து மாடிப்படிலயும் லிஃப்ட் குழியிலயும் போய் வீணாகுது. சூடாக்கின காசு? வாடகைக்குள்ள.

2003 ஆகஸ்ட் 14. ஒன்டாரியோவும் அமெரிக்க வடகிழக்கும் சேர்ந்து சுமார் 5 கோடி பேர் இருட்டுல. பெரியம்மாகிட்ட கேட்டா அந்த நாளை இப்பவும் சொல்வாங்க. லிஃப்ட் நின்னு போச்சு. பம்ப் ஓடாததால மேல் தளங்களுக்குத் தண்ணி ஏறல. "அண்டைக்குத்தான் தம்பி, கீழ இருந்து எங்களுக்கு என்னெல்லாம் வருது எண்டு தெரிஞ்சது."

*

இதே காலத்துல ஐரோப்பாவுல வேற ஒண்ணு நடந்துக்கிட்டு இருந்தது. டென்மார்க்ல 1997லிருந்து கட்டடங்களுக்கு எரிசக்தி மதிப்பீடு கட்டாயம். 2002 டிசம்பர்ல ஐரோப்பிய ஒன்றியம் அதை எல்லா உறுப்பு நாடுகளுக்கும் விதியாக்கிச்சு. கட்டும்போது, விக்கும்போது, வாடகைக்கு விடும்போது ஒரு சான்றிதழ் காட்டணும். அதிகபட்சம் பத்து வருஷம் செல்லும். அடுக்குமாடிகளுக்கு ஒரு சலுகை: பொதுவான சூடேற்றும் ஏற்பாடு இருந்தா மொத்தக் கட்டடத்துக்கும் சேத்து ஒரே சான்றிதழ் போதும். இல்லன்னா அதே கட்டடத்துல மாதிரிக்கு ஒரு வீட்டை அளந்து மத்ததுக்கும் அதையே வச்சுக்கலாம்.

அங்கயும் பொதுப் பகுதி நடுவுல மாட்டிக்கிட்டு முழிச்சது. இங்கிலாந்துல சான்றிதழ் ஃப்ளாட்டுக்கு ஃப்ளாட் தனி, ஏ முதல் ஜி வரை எழுத்து. வீடுகளை அளக்கிற அந்த முறையில காரிடார், லிஃப்ட் கணக்கு சேராது. காரிடாரைச் சூடாக்கினா, கடை, ஆபீஸ் மாதிரி கட்டடங்களுக்கான வேற முறையில தனியா அளக்கணும். அதாவது, நம்ம கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு கணிதம், அந்தப் பக்கம் வேற கணிதம்.

ஒன்டாரியோவும் முயற்சி பண்ணாம இல்ல. 2009 பசுமை எரிசக்திச் சட்டத்துல, வீடு வாங்க வர்றவருக்கு அதோட எரிசக்தித் தகவலைக் காட்டணும்னு ஒரு பிரிவு இருந்தது. ரியல் எஸ்டேட் தரகர் சங்கம் எதிர்த்தது. பிரிவு அமலுக்கே வரல. 2019 ஜனவரியோட சட்டமே ரத்து.

2017ல் இன்னொரு விதி. பெரிய கட்டடங்கள் வருஷா வருஷம் மின்சாரம், எரிவாயு, தண்ணி உபயோகத்தை மாகாணத்துக்கு அறிக்கையா கொடுக்கணும். அடுக்குமாடிக் குடியிருப்புகளும் கட்டம் கட்டமா இதுல சேர்ந்தது. 2023ல் டொராண்டோ நகரசபையும் தன் பங்குக்கு இதே மாதிரி ஒரு துணைச்சட்டம் போட்டது. நல்ல விஷயம்தான். ஆனா இது மொத்தக் கட்டடத்துக்கான கணக்கு. காரிடார் தனி, வீடு தனின்னு பிரிக்கிறதில்ல. கட்டட வாசல்ல ஒட்டணும்ங்கிற கட்டாயமும் அந்த மாகாண விதியில இல்ல.

இதுல ஒரு வேடிக்கை. இதே ஊர்ல நாம கொத்து ரொட்டி வாங்கப் போற கடை வாசல்ல பச்சை அட்டை தொங்கும். சுகாதாரச் சோதனையில தேறிடுச்சுன்னு அர்த்தம். 2001லிருந்து இருக்கு. இருபது நிமிஷம் நிக்கிற கடைக்கு அட்டை உண்டு. முப்பது வருஷம் வாழற கட்டடத்துக்கு எரிசக்தி அட்டை கிடையாது. நியூயார்க்ல 2020லிருந்து பெரிய கட்டடங்கள் வாசல்ல எரிசக்தி மதிப்பெண்ணை எழுத்தா ஒட்டி வைக்கணும். ஏ, பி, சி, டி. அறிக்கையே கொடுக்கலன்னா எஃப். நம்ம பரீட்சை ரிசல்ட் மாதிரி.

*

இதையெல்லாம் படிச்சிட்டு ராத்திரி அப்பாவுக்கு போன் போட்டேன். சென்னையில எங்க ஃப்ளாட்ல எட்டு வீடு. அப்பாதான் சங்கச் செயலாளர் (வேற யாரும் வராததால). பொது மீட்டர் தனி. மோட்டார், மாடிப்படி லைட், கேட் லைட், அவ்வளவுதான் அதுல. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை அப்பா ரீடிங்கை ஒரு நோட்டுல எழுதி, எட்டால வகுத்து, லிஃப்ட் இல்லாத மாடிப்படியில ஏறி இறங்கி வசூல் பண்ணுவாரு. சின்ன வயசுல எனக்கு அது பெரிய வெக்கம்.

2022 செப்டம்பர்ல தமிழ்நாட்டுல அந்தப் பொது மீட்டரைத் தனி விகிதத்துக்கு மாத்தி யூனிட்டுக்கு 8 ரூபாய் ஆக்கினாங்க. அதுவரை வீட்டு விகிதம்தான். எட்டு வீட்டுக்கும் அடுத்த பில்லுலயே வித்தியாசம் தெரிஞ்சது. ஏன்னா எண் கையில இருந்தது. ஊரெல்லாம் சத்தம் போட்டாங்க. 2023 நவம்பர்ல, பத்து வீட்டுக்கு மிகாம, மூணு மாடிக்குள்ள, லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு 8.15லிருந்து 5.50 ஆக் குறைஞ்சது.

"நோட்டு இருந்துச்சுல்ல, அதனால சண்டை போட முடிஞ்சுது"ன்னாரு அப்பா.

நம்ம ஊர்ல சான்றிதழ் இல்ல, நோட்டு இருக்கு. இங்க அறிக்கை, விதி, துணைச்சட்டம் எல்லாம் இருக்கு, பெரியம்மா கையில நோட்டு இல்ல. என்னைக் கேட்டா, பொதுப் பகுதிக்கான எரிசக்திச் சான்றிதழ்ங்கிறது அந்த நோட்டோட பெரிய அண்ணன்தான். முதல்ல தனியா அளக்கணும். அப்புறம் பணம் கட்டுறவங்க கண்ணுல படுற மாதிரி வைக்கணும். அளக்காம கொடுக்கிற எழுத்துக்கும், அளந்து பீரோவுல பூட்டுற அறிக்கைக்கும் பெரிய வித்தியாசம் இல்ல.

*

அடுத்த ஞாயிறு நானே பெரியம்மா வீட்டுக்குப் போனேன். அவங்க தளத்துல டியூப்லைட்டை எண்ணினோம். பத்து. ராத்திரி பகல் அணையாது, அணைக்கவும் கூடாது, தப்பிக்கிற வழி அது. வருஷத்துக்கு 8,760 மணி நேரம். 40 வாட்னு வச்சா ஒரு டியூபுக்கு 350 யூனிட். 20 தளத்துக்கு 200 டியூப், சுமார் 70,000 யூனிட். 15 வாட் எல்இடி போட்டா 26,000 சொச்சம். இது என் கணக்கு, டியூபோட வாட்டை நான் ஏறிப் பாக்கல. ஆனா இப்படி ஒரு கணக்கு போட முடியும்ங்கிறதே பெரியம்மாவுக்குப் புதுசு.

சட்டத்துலயும் ஒண்ணு கண்டுபிடிச்சேன். 2010ல் வந்த சட்டப்படி, ஏற்கனவே குடியிருக்கிறவங்க எழுத்துல சம்மதிக்காம மின்சாரத்தை அவங்க தலையில மாத்த முடியாது. சம்மதிச்சா வாடகையைக் குறைக்கணும். அதனாலதான் அந்தக் கையெழுத்துக்கு அவ்வளவு மதிப்பு.

ரெண்டு பேரும் சமையல் மேசையில உக்காந்து அரைப் பக்கம் எழுதினோம். மூணே கேள்வி. போன 12 மாசத்துல கட்டடத்தோட மொத்த மின்சாரச் செலவு எவ்வளவு? அதுல பொதுப் பகுதிக்கு எவ்வளவு, அதை எப்படி அளந்தீங்க? முப்பது டாலர் எந்தக் கணக்குல வந்தது? பெரியம்மா அதை எடுத்துக்கிட்டுப் பக்கத்து வீட்டு பிலிப்பினோ அம்மாகிட்ட போனாங்க. அவங்களும் கையெழுத்து. எதிர் வீட்டுத் தாத்தாவும். கடைசியில அந்தத் தளத்துல ஆறு வீடு.

கொடுத்து மூணு வாரம் ஆச்சு. பதில் இன்னும் வரல. நிர்வாகத்தோட கடிதம் பெரியம்மா வீட்டு பிரிட்ஜ் மேல காந்தத்துல தொங்குது, கையெழுத்து இல்லாம.

"வரட்டும் தம்பி. முப்பது வருசம் குடுத்த காசுக்குக் கணக்குக் கேக்கிறன். மூண்டு கிழமை எனக்குப் பெரிசில்லை."

பி.கு: உங்க கட்டடத்துல பொது மீட்டர் தனியா இருக்கா? அதோட ரீடிங் உங்களுக்குத் தெரியுமா? எந்த ஊர்ல இருந்தாலும் சொல்லுங்க. பெரியம்மாவுக்கு வாசிச்சுக் காட்டணும்.