நாணற்காட்டில் ஒரு பெண்

2011ஆம் ஆண்டு மாசி மாதம் செய்தி சேகரிக்க மன்னாருக்குப் போயிருந்தேன். வேலை ஒரே நாளில் முடிந்துவிட்டது. மறுநாள் விடியற்காலையில் இரவல் கமரா ஒன்றுடன் வங்காலைப் பக்கம் புறப்பட்டேன். 2008இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2010இல் ராம்சார் பட்டியலிலும் சேர்க்கப்பட்ட கரையோரச் சதுப்பு நிலம் அது. வடதிசைப் பயணத்துக்கு முன்னர் இரை தேடி உடலைத் தேற்றிக்கொண்டிருந்த ஊசிவால் வாத்துகளையும், அவற்றுக்கப்பால் பூநாரைகளையும் கண்டேன். இன்னும் ஐம்பது அடி நெருங்கினால் படம் தெளிவாக வருமென்று சேற்றில் இறங்கினேன். முழுக்கூட்டமும் எழுந்து போயிற்று. என்னிடம் இன்றும் இருப்பது அவற்றின் முதுகுகளின் படம்தான்.

அதைவிடப் பெரிய பிழையைப் பின்னர்தான் செய்தேன். பறவைகள் நின்ற இடத்தை வழி சொல்லிக் கட்டுரையில் எழுதினேன். இரண்டு வாரம் கழித்து அங்குள்ள முதிய மீனவர் ஒருவர் தொலைபேசியில் பேசினார். "தம்பி, நீங்கள் பேப்பரில் போட்டதுக்குப் பிறகு வான் வானாய்ச் சனம் வருது. குருவி ஒண்டையும் காணேல்லை."

எம்மா லூயிசா ரேர்னர் என்ற ஆங்கிலப் பெண்ணின் வரலாற்றை நான் தேடிப் படித்தது அந்த உறுத்தலினால்தான்.

பறவைகளை அவற்றின் வாழிடத்திலேயே படம் பிடிக்கும் கலையை இங்கிலாந்தில் பரப்பியவர்கள் யோர்க்ஷயரைச் சேர்ந்த ரிச்சர்ட், செரி கியர்ட்டன் சகோதரர்கள். 1892ஆம் ஆண்டு வசந்தத்தில் இலண்டனுக்கு வடக்கே ஒரு பறவைக்கூட்டைச் செரி படமெடுத்ததிலிருந்து அது தொடங்கியது. பறவைகளை ஏமாற்ற மாட்டுத்தோலால் பொய்மாடு செய்து அதற்குள் ஒளிந்திருந்தவர்கள் அவர்கள். அதுவரை ஒரு பறவையைக் கண்டதற்குச் சான்று, சுட்டு வீழ்த்திய உடல்தான். அந்த இடத்தைக் கண்ணாடித் தகட்டில் பதிந்த படம் பிடித்துக்கொண்டது.

1867இல் கென்ற் மாவட்டத்தில் பிறந்த ரேர்னர், 1900இல் ரிச்சர்டைச் சந்தித்த பின்னரே கமராவைக் கையிலெடுத்தார். அப்போது அவருக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. கடலை அண்டிய நோர்போக் நீர்நிலைகளில் தாமே வடிவமைத்த படகுவீட்டில் ஆண்டுதோறும் பல வாரங்கள் தங்கினார். படகுக்கும் 'நீர்க்கோழி' என்று பொருள்படும் பறவைப் பெயரையே வைத்தார். 1904இல் லின்னியன் சங்கம் பெண்களை முதன்முதலாகச் சேர்த்துக்கொண்டபோது அவர்களுள் இவரும் ஒருவர்.

பிட்டேர்ன் என்பது கொக்கினத்தைச் சேர்ந்த, நாணலின் நிறங்கொண்ட பறவை. ஆபத்தை உணர்ந்தால் அலகை வானை நோக்கி நிமிர்த்தி நாணலோடு நாணலாக நின்றுவிடும். வேட்டையாலும் சதுப்புகளை வற்றச்செய்ததாலும் அது பிரித்தானியாவில் இனப்பெருக்கம் செய்யும் பறவை என்ற நிலையை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இழந்திருந்தது. 1911இல் நோர்போக்கில் காவலர் ஜிம் வின்சென்ற்றுடன் நாணற்காட்டில் தேடித் திரிந்த ரேர்னர், பறக்கத் தெரியாத பிட்டேர்ன் குஞ்சொன்றைக் கண்டு படமெடுத்தார். பெரிய பறவையென்றால் எங்கிருந்தோ பறந்து வந்ததென்று சொல்லித் தட்டிக்கழித்திருக்கலாம். குஞ்சைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாதே! இழந்த பறவை மீண்டும் கூடு கட்டியிருக்கிறது என்பதற்கு அந்தப் படமே சான்றாயிற்று.

எனக்கு அந்தப் படத்தைவிட முக்கியமாகப் படுவது அதன்பின் அவர் செய்த வேலை. நோர்போக் கரையிலுள்ள ஸ்கோல்ற் ஹெட் தீவு 1923இல் தேசிய அறக்கட்டளையின் கைக்கு வந்தது. அங்கே மணலிலேயே முட்டையிடும் ஆலாக்களுக்குக் காவல் தேவைப்பட்டது. முட்டை சேகரிப்போர் ஒருபுறம், கூட்டை மிதித்துவிடும் உல்லாசப் பயணிகள் மறுபுறம். 1924இல் தீவின் முதற் காவலராகச் சென்ற ரேர்னருக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. ஒரு குடிலில் தங்கி, அடுத்த ஆண்டும் அப்பணியைச் செய்தார்.

எங்கள் தொழிற்காரர்கள் சும்மா இருப்பார்களா? 'இங்கிலாந்தின் மிகத் தனிமையான பெண்' என்று அவருக்குப் பட்டம் சூட்டினர். நல்ல தலைப்புத்தான், நானாக இருந்தாலும் அதைத்தான் போட்டிருப்பேன். காவல் காக்கப் போனவரைப் பார்ப்பதற்கே ஆட்களைத் தீவுக்கு இழுக்கக்கூடிய தலைப்பு.

1940இல் மறைந்த ரேர்னருக்குக் கடைசிக் காலத்தில் கண்பார்வை போய்விட்டது. வங்காலை மீனவருடன் அதன் பின்னர் பல தடவை பேசியிருக்கிறேன். பூநாரைகள் வந்தால் மட்டும் அழைத்துச் சொல்வார். எங்கே என்று அவரும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை.