பெங்களூருப் பேட்டை: வளர்ச்சித் திட்டமிடலும் மரபுப் பாதுகாப்பும்

பெங்களூருப் பேட்டை என்பது கர்நாடகத் தலைநகரின் மிகப் பழைய வணிகக் குடியிருப்பு. விஜயநகரப் பேரரசின் கீழ் யலகங்காவை ஆண்ட முதலாம் கெம்பே கவுடா 1537இல் மண்கோட்டை கட்டி நிறுவிய ஊர் இது. தெற்கே கிருஷ்ணராஜேந்திர சந்தைக்கும் வடக்கே கெம்பே கவுடா சாலைக்கும் இடையில் இன்றும் நெரிசலோடு இயங்குகிறது. தமிழகத்திலிருந்து கல்யாணப் பட்டு எடுக்க வருபவர்கள் சிக்பேட்டை என்ற பெயரில் அறிந்திருப்பது இந்தப் பகுதியின் ஒரு தெருவை மட்டுமே. மாநகரம் பெரிதாகிக்கொண்டே போகும்போது இந்தப் பழைய ஊரை எப்படி வளரவிடுவது, எதைக் காப்பது என்ற கேள்வி அரை நூற்றாண்டாகத் திட்ட ஆவணங்களில் வந்து வந்து போகிறது.

அமைப்பு

கிழக்கு மேற்காக ஓடும் சிக்பேட்டைத் தெருவும் வடக்கு தெற்காக ஓடும் தொட்டபேட்டைத் தெருவும் பேட்டையின் முதுகெலும்பு. பின்னதுதான் இன்றைய அவென்யூ சாலை. இவற்றைச் சுற்றித் தொழில்வாரியாகப் பேட்டைகள் அமைந்தன. பருத்திக்கு அரளேபேட்டை, அரிசிக்கு அக்கிபேட்டை, தானியத்துக்குத் தரகுபேட்டை, வளையலுக்குப் பளேபேட்டை, செக்கு ஆட்டுவோருக்குக் கணிகரபேட்டை, குயவர்களுக்குக் கும்பாரபேட்டை, தோட்டப் பயிர் செய்த திகளருக்குத் திகளரபேட்டை. நெசவாளர் குடியிருந்த தெருக்கள் பிரிட்டிஷ் ஆணையர் மார்க் கப்பனின் பெயரால் கப்பன்பேட்டை ஆயின.

தெற்கே இருந்த கோட்டை தனி. ஹைதர் அலி 1761இல் அதைக் கல்லால் எடுப்பிக்கத் தொடங்கினார். திப்பு சுல்தானின் கோடைக்கால அரண்மனை 1791இல் முடிந்தது. அதே ஆண்டு மார்ச்சில் ஆங்கிலேயத் தலைமை ஆளுநர் கார்ன்வாலிஸின் படை முதலில் பேட்டையையும் இரண்டு வாரங்களில் கோட்டையையும் பிடித்தது. அந்தப் போரின்போது ஆங்கிலேயர் வரைந்த வரைபடத்தில் மதிலும் அகழியும் சூழ்ந்த ஊராகப் பேட்டை தெரிகிறது. மதிலும் அகழியும் போய்விட்டன. முதன்மைத் தெருக்களின் போக்கு பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. கட்டடங்கள் பல முறை இடிந்து எழுந்திருக்கின்றன, தெருவும் மனைப் பிரிவும் தாக்குப்பிடித்திருக்கின்றன. இந்த இடத்தில் மரபு என்று சொல்லத்தக்கது முதலில் அதுதான்.

ஊர் வெளியே போனது

1809இல் கிழக்கே ராணுவக் கன்டோன்மென்ட் உருவானது. 1898இல் பிளேக் பரவி நெருக்கமான தெருக்களைச் சூறையாடியது. அதன் பின்னர்தான் அகன்ற சாலைகளும் காற்றோட்டமான மனைகளுமாகப் பசவனகுடியும் மல்லேஸ்வரமும் விரிவுப் பகுதிகளாக நிரம்பின. வசதியுள்ள குடும்பங்கள் பல அங்கே குடிபெயர்ந்தன, கடையும் கிடங்கும் பேட்டையில் நின்றன. வீடும் தொழிலும் ஒரே கூரைக்கடியில் இருந்த நிலை அப்போது தளரத் தொடங்கியது. 1949இல் நகரமும் கன்டோன்மென்டும் ஒரே மாநகராட்சியாக இணைந்தன. ஆனால் அதற்குப் பின் வந்த திட்டமிடலின் கண் விளிம்புகளிலும் புதிய லேஅவுட்டுகளிலுமே பதிந்திருந்தது.

விதிகளும் மனைகளும்

கர்நாடக நகர ஊரமைப்புச் சட்டம் 1961இல் வந்தது. பெங்களூரு வளர்ச்சி ஆணையம் 1976இல் பிறந்தது. 2007இல் நடைமுறைக்கு வந்த திருத்திய பெருந்திட்டம் 2015ஐ இலக்காகக் கொண்டது. அதற்கடுத்து 2031க்கான வரைவு 2017இல் வெளியாகிப் பின்னர் கைவிடப்பட்டது. இலக்கு ஆண்டு கடந்த பிறகும் பழைய திட்டமே ஊரை ஆண்டது.

பேட்டையின் சிக்கல் மனையில் தொடங்குகிறது. முகப்பு குறுகல், ஆழம் நீளம், இரு பக்கமும் பொதுச் சுவர். நவீனக் கட்டட விதிகள் எதிர்பார்ப்பதோ நான்கு பக்கமும் இடைவெளியும் வண்டி நிறுத்துமிடமும். இந்தச் சிறு மனையில் அந்த விதியை நேர்மையாகப் பின்பற்றினால் கட்டுவதற்கு இடமே மிஞ்சாது. ஆகவே உரிமையாளர் முன்னே மூன்று வழிகள்: வீட்டைச் சிதைய விடுவது, அனுமதியில்லாமல் மாடி ஏற்றுவது, அல்லது பக்கத்து மனைகளோடு சேர்த்து விற்றுவிடுவது. மூன்றாவது வழியில் எழும் வணிக வளாகம் விதிப்படி சரியாக இருக்கும், தெருவோடு எந்த உறவும் இல்லாமல் நிற்கும். பேட்டையைக் கரைப்பது பேராசை மட்டுமன்று. பொருந்தாத விதியும் அதே வேலையைச் செய்கிறது.

பாதுகாப்பு என்ற பேரில் பழமையை அப்படியே விட்டுவிடவும் முடியாது. கிடங்கும் பட்டறையும் குடியிருப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டடங்களில் மின்கம்பிகள் பின்னிக் கிடக்கின்றன, தீயணைப்பு வண்டி நுழைய முடியாத சந்துகள் ஏராளம். 2025 ஆகஸ்டில் இந்தப் பகுதியிலுள்ள நகரத்பேட்டையில் ஒரு கட்டடம் தீப்பிடித்து ஐந்து பேர் இறந்தார்கள். இங்கே வாழ்பவர்களின் உயிர்ப் பாதுகாப்பைச் சேர்க்காத எந்த மரபுத் திட்டமும் ஏற்கத்தக்கதன்று.

அவென்யூ சாலையும் வளர்ச்சி உரிமையும்

மாநகராட்சி 2000களில் 216 சாலைகளை அகலப்படுத்தும் பெரிய திட்டத்தை வகுத்தது. நிலம் கொடுப்பவருக்குப் பணத்துக்குப் பதிலாக மாற்றத்தக்க வளர்ச்சி உரிமைச் சான்று தரப்படும். இழந்த நிலத்துக்கு ஈடாக வேறிடத்தில் கூடுதல் பரப்பு கட்டலாம், அல்லது அந்த உரிமையை விற்கலாம். அவென்யூ சாலையை அகலப்படுத்தும் யோசனைக்கு அங்குள்ள வியாபாரிகள் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. இந்தத் தெருவின் புத்தகக் கடைக்கோ வெள்ளிக் கடைக்கோ பிழைப்பே தெருவைத் தொட்டிருக்கும் முகப்பு. அதைக் கொடுத்துவிட்டு எங்கோ கட்டும் உரிமையை வாங்கிக் கடைக்காரர் என்ன செய்வார்? ரைஸ் நினைவு தேவாலயம் உள்ளிட்ட வழிபாட்டு இடங்களும் இதே தெருவில்தான் இருக்கின்றன, அகலப்படுத்தினால் அவையும் பாதிக்கப்படலாம்.

இதே கருவியை அகமதாபாத் வேறு விதமாகக் கையாள்கிறது. 2017இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் இடம்பிடித்த முதல் இந்திய நகரம் அது. அங்கே பட்டியலிட்ட பழைய வீட்டைக் காப்பவருக்கு வளர்ச்சி உரிமை கிடைக்கிறது. அதை வெளியே விற்று வீட்டைப் பழுதுபார்க்கலாம். பெங்களூரில் தெருவை வெட்ட ஈடாக வந்தது, அகமதாபாத்தில் வீட்டை நிறுத்த ஊக்கமாகிறது. பேட்டைக்கு மிகப் பொருந்தும் தீர்வு இதுவே என்று துணிந்து சொல்லலாம். புதுச்சேரியில் வைசியாள் தெரு வீடுகளின் முகப்புகள் வீட்டுக்காரர்களும் செலவில் பங்கேற்கச் சீரமைக்கப்பட்டு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது பெற்றன. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டட உயரம் 9 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. உயர வரம்பு கோபுரக் காட்சியைக் காக்கும், தெருவின் தொழிலைக் காக்காது.

நினைவுச்சின்னச் சட்டத்தின் எல்லை

கோட்டையின் எஞ்சிய பகுதியும் திப்புவின் அரண்மனையும் இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளன. நினைவுச்சின்னச் சட்டத்தின் 2010 திருத்தப்படி இவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது, அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை கட்ட அனுமதி வேண்டும். இந்த வட்டத்துக்கு வெளியே இருக்கும் நெசவாளர் வீடுகளுக்கோ தானிய மண்டிகளுக்கோ இந்தச் சட்டத்தில் இடமில்லை. நகர அழகியலை மேற்பார்க்க 1970களில் அமைந்த பெங்களூரு நகரக் கலை ஆணையமும் 2001இல் கலைக்கப்பட்டது.

மெட்ரோவும் கரகமும்

2017 ஜூனில் சிக்பேட்டையிலும் கிருஷ்ணராஜேந்திர சந்தையிலும் சுரங்க மெட்ரோ நிலையங்கள் திறந்தன. சந்தை நிலையப் பணிக்காகத் தோண்டியபோது 2012இல் பழைய பீரங்கிகள் கிடைத்தன. வண்டி இல்லாமலே வாடிக்கையாளர் வந்து சேர வழி பிறந்ததால், இந்தச் சிறு மனைகளின்மேல் நிறுத்துமிட நிபந்தனையைச் சுமத்தக் காரணம் குறைந்துவிட்டது. அதே மெட்ரோ நில விலையை உயர்த்தி மனைகளைச் சேர்த்து வாங்கும் அழுத்தத்தையும் கூட்டுகிறது.

பேட்டைக்கு இன்னொரு வரைபடமும் உண்டு. ஒவ்வோராண்டும் சைத்ர மாதப் பௌர்ணமியையொட்டித் திகளரபேட்டை தர்மராயசாமி கோயிலிலிருந்து பெங்களூருக் கரக ஊர்வலம் புறப்படுகிறது. வாளேந்திய வீரகுமாரர்கள் சூழ இரவு முழுக்கப் பேட்டைத் தெருக்களைச் சுற்றும் கரகம், காட்டன்பேட்டையில் தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் செல்கிறது. எந்தத் தெரு, எந்தத் திருப்பம், எந்த வீட்டு வாசலில் பூசை என்பதெல்லாம் வழக்கத்தால் நிலைத்தவை. மனைகள் இணைந்து குடும்பங்கள் வெளியேறினால் கரகத்தை வரவேற்க வாசல்கள் இருக்காது. பாதுகாக்க வேண்டிய கட்டடங்களின் பட்டியலோடு இந்த ஊர்வலப் பாதையும் திட்ட வரைபடத்தில் இடம்பெற வேண்டும்.

2025 செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. ஒருங்கிணைக்கும் பொறுப்பு பெருநகர பெங்களூரு ஆணையத்திடம் உள்ளது. அடுத்த பெருந்திட்டத்தில் பேட்டைக்கெனத் தனி விதித் தொகுப்பு வேண்டும். பொதுச் சுவரை ஏற்பது, நிறுத்துமிடத்திலிருந்து விலக்களிப்பது, மனை இணைப்புக்கு உச்சவரம்பு வைப்பது, சந்துகளில் தீயணைப்புக் குழாய்த் தடம் போடுவது, பழுதுபார்ப்பவருக்கு விற்கத்தக்க வளர்ச்சி உரிமை தருவது ஆகியவை அதில் இருந்தாக வேண்டும்.