தண்ணீரைக் காத்தவர்

எட்டு வயதில் குதிரை உதைத்து முகத்தில் தழும்பு வாங்கியவர் பெஞ்சமின் கிரியர்சன். இல்லினாய் மாநிலத்து ஜாக்சன்வில்லில் இசை கற்றுக்கொடுத்தார், பேண்டு வாத்தியக் குழு நடத்தினார், வியாபாரத்தில் இறங்கி நொடித்துப்போனார். குதிரை என்றாலே ஆகாத அந்த மனிதரை அமெரிக்க உள்நாட்டுப் போர் குதிரைப்படையில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

1863 ஏப்ரலில் 1,700 வீரர்களுடன் டென்னசியின் லா கிரேஞ்சிலிருந்து கிளம்பினார். எதிரியின் மிசிசிப்பி மாநிலத்துக்குள் வடக்கிலிருந்து நுழைந்து, நியூட்டனில் ரயில்பாதையைப் பெயர்த்து, 16 நாளில் பேட்டன் ரூஜ் சேர்ந்தார். தென்மாநிலப் படை இவரைத் துரத்திக்கொண்டிருந்தபோது வடமாநிலத் தளபதி கிராண்ட் மிசிசிப்பி ஆற்றைக் கடந்து விக்ஸ்பர்க்கை நெருங்கிவிட்டார். புத்தகங்கள் கொண்டாடுவது இந்தப் பாய்ச்சலைத்தான்.

எனக்கோ கிரியர்சனின் பெருமை 1866இல் தொடங்குகிறது. கறுப்பின வீரர்களைக் கொண்ட பத்தாம் குதிரைப்படைக்குத் தலைமை ஏற்க முன்வந்தார். அப்படிப்பட்ட படையில் சேரவே மறுத்த வெள்ளை அதிகாரிகள் பலர். லெவன்வொர்த் கோட்டையில் அவருடைய ஆட்களுக்குச் சேற்று நிலத்தில் கூடாரம் ஒதுக்கினார்கள். கிரியர்சன் சண்டை போட்டார், படையை ரைலி கோட்டைக்குக் கூட்டிப்போனார். 1890 வரை அந்தப் படையின் கர்னல் அவரே.

1880இல் மேற்கு டெக்சஸ் பாலைவனத்தில் அப்பாச்சித் தலைவர் விக்டோரியோவை எதிர்கொண்டார். துரத்தினால் குதிரைகள்தான் சாகும் என்று கிரியர்சனுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே சுனைகளில் காவல் வைத்தார். ஜூலை 30 அன்று தினாஹா டி லாஸ் பால்மாஸ் என்ற சுனையை, மகன் ராபர்ட்டையும் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களையும் வைத்துக்கொண்டு, உதவிப்படை வரும்வரை விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு வாரம் கழித்து ராட்டில்ஸ்னேக் ஸ்பிரிங்ஸுக்கும் முந்திக்கொண்டார். தண்ணீர் கிடைக்காத விக்டோரியோ மெக்சிகோவுக்குத் திரும்பினார். அக்டோபரில் மெக்சிகோப் படை அவரைக் கொன்றது.

போர்த்திறன் என்று மட்டும் இதைப் படிக்க என்னால் முடியவில்லை. சொந்த மண்ணிலிருந்து சான் கார்லோஸ் ஒதுக்கிடத்துக்கு விரட்டப்பட்ட மக்கள் விக்டோரியோவின் கூட்டத்தார். குழந்தை குட்டிகளோடு அலைந்தவர்களுக்குத்தான் தண்ணீர் மறுக்கப்பட்டது. சில் கோட்டையில் இருந்த காலத்தில், பூர்வகுடிகளிடம் இளகிய மனம் காட்டுகிறார் என்று பழிக்கப்பட்டவரும் இதே கிரியர்சன்தான்.

விக்டோரியோவுக்கு எதிரான அந்தப் போரில் கிரியர்சனுக்குச் செய்தி கொண்டுவர நெடுந்தூரம் குதிரையில் விரைந்தவர் ஹென்றி ஃபிளிப்பர், வெஸ்ட் பாயிண்டில் பட்டம் பெற்ற முதல் கறுப்பின அதிகாரி. 1881இல் பணக் கையாடல் வழக்கில் அவரை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். அவருடைய நடத்தைக்குச் சான்று சொல்லிக் கிரியர்சன் கடிதம் எழுதினார். கையாடல் நிரூபணமாகவில்லை. ஆனாலும் அதிகாரிக்குத் தகாத நடத்தை என்று சொல்லி 1882இல் அவரை வெளியேற்றினார்கள். அதிபரின் மன்னிப்பு 1999இல்தான் வந்தது.